மாஸ்க் போட்டுக்கொள், மகளே

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது.

நலம், நலமறிய ஆவல். போனில் "ம்", "சரிப்பா" என்று சொல்லி வைத்துவிடுகிறாய். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நீலக்கோடு விழுகிறது, பதில் வருவதில்லை. அதனால் பேப்பரில் எழுதி, தம்பியிடம் கொடுத்துப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். நேரம் கிடைக்கும்போது படி.

முதலில் ஒன்று கேட்கிறேன். மியூசியம் பட்டறையில் மாஸ்க் போடுகிறாயா? பழைய மரச் சொரூபங்கள் உளுத்துப்போகாமல் இருக்கப் போன நூற்றாண்டில் டிடிடி பூச்சிமருந்து அடித்துவைத்தார்கள், அது இன்னும் மரத்துக்குள்ளேயே இருக்கிறது, சிலவற்றில் வெள்ளையாகப் பூத்து வெளியே வருகிறது என்று நீதான் காட்டினாய். நான் பூஞ்சணம் என்று நினைத்து விரலை வைக்கப் போனேன். கையைத் தட்டிவிட்டாய். இப்போது பூச்சி விழுந்தால் மருந்தே அடிப்பதில்லை, கூடாரத்துக்குள் வைத்து நைட்ரஜனை நிரப்பி மூச்சுமுட்டச் செய்கிறோம் என்றாய். நல்லதுதான். ஆனால் ஏற்கெனவே உள்ளே போன மருந்து எங்கே போகும்? தூசியில்தானே வரும்?

உன் வேலையைக் குறை சொல்லவில்லை. கோயிலில் பாதர் விசாரிக்கும்போதெல்லாம், எழுநூறு வருஷத்துச் சொரூபத்தை என் மகள் கையில் எடுத்துத் துடைக்கிறாள் என்று சொல்வேன். அம்மா முறைப்பாள்.

ஒரு மாதா சொரூபத்தை நீ திருப்பிக் காட்டினாயே, அதன் முதுகை நான் இன்னும் மறக்கவில்லை. முன்பக்கம் பொன்னும் நீலமும். பின்னால் முழுக்கக் குடைந்து எடுத்திருந்தார்கள். நடு மரத்தை விட்டுவைத்தால் காயும்போது வெடிக்கும் என்று அந்த ஆசாரிக்கும் தெரிந்திருக்கிறது. சுவரோடு நிற்கப்போகிற முதுகு, யாரும் பார்க்கப்போவதில்லை என்று இழைக்காமலே விட்டிருந்தான். உளி இறங்கிய ஒவ்வொரு தடமும் நேற்று வெட்டியதாகத் தெரிந்தது. உச்சந்தலையில் வட்டமாக ஓர் ஆப்பு. மரத்தைப் பட்டறை மேசையில் பூட்டிச் சுற்றிச் சுற்றிச் செதுக்க அந்தத் துளை போட்டார்கள் என்றாய். லிண்டன் மரம், மிருதுவானது, உளிக்கு நன்றாக வளைந்துகொடுக்கும் என்றும் சொன்னாய். ஒரு துண்டு கேட்டேன். அதுவும் வரவில்லை, போகட்டும்.

ஜெர்மனிக்கு வந்தபோது கொலோன் கதீட்ரலில் மாப்பிள்ளை காட்டிய பாடுபட்ட சொரூபம் பற்றி இங்கே எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது. பேராயர் கெரோ செய்வித்தது, 970 வாக்கில் என்றார். ஓக் மரம், ஆள் உயரம். ஆண்டவர் அரசனாக நிமிர்ந்து நிற்கவில்லை, சிலுவையில் செத்துத் தொங்குகிறார். கண் மூடி, வயிறு சரிந்து, தோள் இழுபட்டு. அதன் தலையில் வெடிப்பு விழுந்ததாகவும், பேராயர் நற்கருணை அப்பத்தையும் திருச்சிலுவைத் துண்டையும் வைத்து ஜெபித்ததும் மூடிக்கொண்டதாகவும் கதை. நான் ஆசாரி. வெயில் காலத்தில் விரிந்த வெடிப்பு மழை காலத்தில் மூடுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். அதை மாப்பிள்ளையிடம் சொல்லவில்லை, பாவம், அவ்வளவு பக்தியாகச் சொன்னார்.

பான் நகர மியூசியத்தில் பார்த்த வியாகுல மாதாதான் மனதை விட்டுப் போகமாட்டேன் என்கிறாள். ரோட்கன் பியேட்டா என்று பெயர், 1300-க்குப் பிறகு செய்தது, 89 செண்டிமீட்டர்தான். பெரிய கோயிலில் தூரத்திலிருந்து பார்க்க அல்ல, கிட்டே முழங்காலிட்டு ஜெபிக்கச் செய்தது என்றாய். நம்மூர் வியாகுல மாதா அழுதாலும் அழகாக இருப்பாள். இவள் அப்படியில்லை. நெற்றி சுருங்கி, வாய் கோணி, இது என்ன நியாயம் என்று கேட்கிற முகம். மடியில் மகன் எலும்பும் தோலுமாக, காயங்களில் ரத்தம் திராட்சைக் குலையாகக் கட்டிக் கிடக்கிறது. அந்தக் காலத்தில் வேறொரு வகையும் செய்தார்கள் என்றாயே, செத்த மகனைக் கைக்குழந்தை அளவில் மடியில் வைத்து. பெத்லகேமில் தூங்கவைத்த நினைப்பில் மாதா அவரை அப்படிப் பார்த்தாள் என்று எண்ணிச் செதுக்கினார்களாம். அன்றைக்கு அதை ஒரு தகவலாகக் கேட்டுக்கொண்டேன்.

சரி, அது இருக்கட்டும்.

டாக்டரிடம் நீ என்ன வேலை செய்கிறாய் என்று சொன்னாயா? சும்மா மியூசியம் என்று சொன்னால் அவருக்கு எப்படித் தெரியும்? பழைய மரம், பழைய மருந்து, தினமும் தூசி என்று விவரமாகச் சொல். ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்துவிடு. அதனால்தான் என்று நான் சொல்லவில்லை. எனக்கு என்ன தெரியும். அம்மா ஒன்றும் சொல்லவில்லை, அவளைக் கோபித்துக்கொள்ளாதே. அவள் ராத்திரி எழுந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்து நானே கேட்டேன்.

லீவு போடாமல் மறுவாரமே வேலைக்குப் போனாயாம். இதில் என்ன வீம்பு? அந்தச் சொரூபங்கள் இத்தனை நூறு வருஷம் காத்திருந்தவை, இன்னும் ஒரு மாதம் காத்திருக்கும். மாப்பிள்ளையிடமாவது வாய்விட்டுப் பேசுகிறாயா? அவருக்கும் போன் பண்ணினால் நன்றாக இருக்கிறோம் மாமா என்பதோடு சரி. நல்லா சாப்பிடு. குளிரில் தலையைத் துவட்டாமல் வெளியே போகாதே. மாஸ்க் துணி மாஸ்க்காக இருக்கக்கூடாது, ஃபில்டர் வைத்தது.

தம்பிக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது, அவனே சொல்வான்.

அம்மா பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தாகிவிட்டது. நீ கூப்பிட்டால்தான் வருவாள், தானாகக் கேட்கமாட்டாள். விசாவுக்கு அழைப்புக் கடிதம் வேண்டுமாம். மாப்பிள்ளையை இந்த வாரமே அனுப்பச் சொல். டிக்கெட் பணம் நான் பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
அப்பா