மழைப் பதிவுகள் எங்கே மாட்டிக்கொள்கின்றன? சென்னை ஏரித் தரவுக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தன்னார்வ நண்பர்களுக்கு,

வணக்கம். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகளின் நீர்மட்டத்தையும், நுங்கம்பாக்கம், மீனம்பாக்கம் மழையளவையும் தினமும் தொகுத்துப் போடுகிறீர்கள். சம்பளமில்லாத வேலை. வேளச்சேரியில் தரைத்தளத்தில் குடியிருப்பவனுக்கு அதன் அருமை தெரியும்.

ஆனால் மழைக்காலம் வந்தால் உங்கள் தளத்தில் பதிவுகள் காணாமல் போகின்றன. கிராஃப் இருக்க வேண்டிய இடம் வெறுமையாகக் கிடக்கிறது. கேட்டால் “சர்வர் பிரச்சினை, கேஷை அழித்துவிட்டுப் பாருங்கள்” என்கிறீர்கள். சர்வர் பாவம், தன்னிடம் இருப்பதைத்தான் அது கொடுக்கும். உங்கள் தளத்தின் மூலக்கோப்புகள் கிட்ஹப் என்ற இணையக் களஞ்சியத்தில் எல்லோருக்கும் திறந்திருப்பதால் உட்கார்ந்து பார்த்தேன். காணாமல் போன பதிவுகள் அத்தனையும் அங்கே பத்திரமாக இருக்கின்றன. அவற்றிலிருந்து வலைப்பக்கங்களை உருவாக்கும் ‘பில்ட்’ ஓடும்போதுதான் விடுபடுகின்றன.

பதிவுகள் விடுபடக் காரணம் நேரக் கணக்கு. வானிலைத் துறை ஒரு நாளின் மழையைக் காலை 8.30 மணியோடு கணக்கு முடிக்கிறது. நீங்களும் ஒழுங்காக அன்றைய தேதியோடு 8.30 என்று பதிவின் தலையில் போடுகிறீர்கள். எந்த ஊர் 8.30 என்று மட்டும் சொல்லவில்லை. சொல்லாவிட்டால், உங்கள் பக்கங்களை உருவாக்கும் ஹ்யூகோ மென்பொருள் அதை உலகப் பொது நேரமாக எடுத்துக்கொள்ளும். நம் கடிகாரத்தில் அது பிற்பகல் 2 மணி. நீங்கள் 9 மணிக்கு ஏற்றும்போது, ஹ்யூகோவின் கணக்கில் அது இன்னும் ஐந்து மணி நேரம் கழித்து வரவேண்டிய பதிவு. எதிர்காலத் தேதியிட்டதை அது வெளியிடாது. பிழை என்றும் சொல்லாது, பில்ட் வெற்றி என்று பச்சை டிக் விழுந்துவிடும்.

சரி, 2 மணி ஆனதும் தானாக வந்துவிடாதா? வராது. பக்கங்களை முன்கூட்டியே உருவாக்கி வைக்கும் ஸ்டாட்டிக் தளத்தில் அடுத்த பில்ட் ஓடும்வரை எதுவும் அசையாது. மறுநாள் நீங்கள் அடுத்த பதிவை ஏற்றும்போது முந்தைய நாளுடையது வெளியே வருகிறது, அன்றையது உள்ளே மாட்டிக்கொள்கிறது. தளம் எப்போதும் ஒரு நாள் பின்தங்கியிருப்பது இதனால்தான். சனி, ஞாயிறு யாரும் ஏற்றாவிட்டால் வெள்ளிக்கிழமை மழை திங்கட்கிழமைதான் தெரியும்.

அமைப்புக் கோப்பில் ‘டைம்ஸோன்’ என்ற இடத்தில் ஏசியா/கொல்கத்தா என்று ஒரு வரி சேர்த்தால் போதும். எதிர்காலப் பதிவுகளையும் வெளியிடச் சொல்லும் வசதி ஒன்றும் ஹ்யூகோவில் உண்டு. எனக்கு அது பிடிக்கவில்லை. யாராவது கைதவறி ஆண்டை 2052 என்று அடித்தால் அதுவும் முதல் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடும். ‘ஹ்யூகோ லிஸ்ட் ஃபியூச்சர்’ என்ற கட்டளையை ஓட்டிப் பாருங்கள், மாட்டிக்கொண்டவை பட்டியலாக வரும்.

அப்புறம் கிராஃப்கள். ஏரிப் படங்களின் கோப்புப் பெயர் பெரிய ‘பி’யில் தொடங்குகிறது, பதிவுக்குள் சிறிய ‘பி’ போட்டிருக்கிறீர்கள். விண்டோஸுக்கு இரண்டும் ஒன்றுதான், லினக்ஸ் சர்வருக்கு வேறு வேறு. அதனால் படம் ஏற்றியவர் கணினியில் பளிச்சென்று தெரியும், எங்களுக்குத் தெரியாது. விண்டோஸிலேயே எழுத்தை மட்டும் மாற்றினால் கோப்பு மாற்றங்களைக் கண்காணிக்கும் கிட் மென்பொருள் அதைக் கண்டுகொள்ளாமல் விடக்கூடும், ‘கிட் எம்வி’ கட்டளையால் மாற்றுங்கள். பிளாட்லி என்ற கருவியில் வரைந்த மழையளவு கிராஃப்கள் கதை வேறு. 2019-இல் வந்த 0.60 பதிப்பு முதல், மார்க்டவுன் என்ற எளிய வடிவில் எழுதிய பதிவுக்குள் நேரடியாக ஒட்டிய எச்டிஎம்எல் நிரலை ஹ்யூகோ இயல்பாகவே நீக்கிவிடுகிறது. ‘அன்சேஃப்’ என்ற அமைப்பை இயக்கினால் திரும்ப வரும். பெயரைப் பார்த்து மிரள வேண்டாம், எழுதுவது நீங்கள் மட்டும்தான் என்றால் ஆபத்தில்லை. ஆனாலும் ஒரு ஷார்ட்கோட் (பதிவுக்குள் ஒரு வரியில் அழைக்கும் சிறு நிரல்) எழுதி அதன் வழியாகக் கிராஃபைக் காட்டுவதே சுத்தம்.

இதெல்லாம் ஒரு மாலை நேரத்து வேலை. நான் அழுத்திக் கேட்பது வேறொன்று. ஏதாவது விடுபட்டால் பில்ட் கத்த வேண்டும். செம்பரம்பாக்கத்தின் முழு உயரம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்தவர்கள் மழைக்காலத்தில் அந்த இரண்டு எண்களையும் மனதில் வைத்துக்கொண்டுதான் உங்கள் பக்கத்தைத் திறக்கிறார்கள். அன்றைய பதிவு இல்லாவிட்டால் “தரவு வரவில்லை” என்று யாரும் நினைப்பதில்லை. “பெரிதாக ஒன்றும் இல்லை போல” என்று நினைத்து, வண்டியைத் தாழ்வான இடத்திலேயே விட்டுவிட்டுத் தூங்கப் போகிறார்கள். ஏற்றிய பதிவுகளின் எண்ணிக்கையும் வெளிவந்த பக்கங்களின் எண்ணிக்கையும் ஒத்துப்போகாவிட்டால் பில்ட் நிற்கட்டும். ஒரு படம் கிடைக்காவிட்டாலும் நிற்கட்டும். முதல் பக்கத்தின் மேலே கடைசித் தரவு எந்த நாள், எந்த மணிக்கு உரியது என்று பெரிதாகப் போடுங்கள்.

படம் விடுபட்ட பழைய பதிவுகளின் பட்டியலைக் கிட்ஹப்பில் இஷ்யூவாக (பிழை அறிவிப்பாக) போட்டிருக்கிறேன். கோப்புப் பெயர்களை நானே மாற்றி அனுப்பத் தயார். டைம்ஸோன் வரியை மட்டும் அக்டோபருக்கு முன் நீங்கள் சேர்த்துவிடுங்கள்.

அன்புடன்,
வேளச்சேரி வாசகன்