பேரிடர் பயிற்சியில் மாட்டுக்கும் ஒரு நாள் ஒதுக்குங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பேரிடரில் உதவ ஊர்மக்களைப் பழக்கும் அரசின் ஆப்தா மித்ரா திட்டத்தில் தன்னார்வலர்களுக்குத் தரப்படும் 12 நாள் பயிற்சியில் ஒரு முழு நாளைக் கால்நடை மீட்புக்கென ஒதுக்கி, உயிருள்ள மாடுகளை வைத்தே நடத்த வேண்டும். 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் பக்கம் கரை கடந்த கஜா புயலில் ஆயிரக்கணக்கான ஆடு மாடுகள் மாண்டன. மாட்டை விட்டுவிட்டு முகாமுக்கு வர மனமில்லாமல் வீட்டிலேயே தங்கிவிடுகிறவர்கள் ஒவ்வொரு புயலிலும் இருக்கிறார்கள். அவர்கள் உயிரும் இதில் அடங்கியிருக்கிறது.

முதல் பாடம் கயிறு. கட்டுத்தறியில் நிற்கும் மாடு நீந்தத் தெரிந்தும் மூழ்கிச் சாகிறது. மாடு மிரண்டு இழுக்க இழுக்க நைலான் முடிச்சு இறுகிவிடும். இருட்டில் விரலால் அவிழ்க்க வராது. நுனியை இழுத்தால் கழன்றுவிடும் முடிச்சைத் தன்னார்வலர் கண்ணை மூடிக்கொண்டும் போடப் பழக வேண்டும். இடுப்பில் கருக்கரிவாள் இருக்கட்டும். அவிழ்த்துவிடும்போது தொங்கும் கயிற்றையும் ஒட்ட அறுத்துவிட வேண்டும். அது வேலியில் மாட்டினால் கட்டிப்போட்டதற்குச் சமம்.

சேற்றில் புதைந்த மாட்டைக் கொம்பிலோ வாலிலோ கட்டி இழுக்கவே கூடாது. முதலில் கால்களைச் சுற்றித் தண்ணீர் பாய்ச்சிச் சேற்றை இளக்கிவிட்டு, நாலு விரல் அகலத்துக்குக் குறையாத பட்டையை முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றிப் போட்டு மெல்ல இழுக்க வேண்டும். கரையேறியதும் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தால் வயிறு உப்பி மூச்சு முட்டும். நெஞ்சில் படுக்கவைத்து இருபுறமும் வைக்கோல் முட்டுக் கொடுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும்.

நல்ல மனதோடு செய்யும் தவறு ஒன்று உண்டு. பட்டினி கிடந்த மாட்டுக்கு முகாமில் மீந்த சோற்றை வாளி வாளியாக வைக்கிறார்கள். அது வயிற்றில் புளித்து அமிலமாகி, வெள்ளத்தில் பிழைத்த மாடு ஓரிரு நாளில் செத்துப்போகிறது. காய்ந்த வைக்கோல் 5 கிலோவும் நல்ல தண்ணீர் 40 லிட்டரும் ஒரு மாட்டுக்கு ஒரு நாளுக்கு வேண்டும். பூசணம் பூத்த வைக்கோல் ஆகாது.

தன்னார்வலர்களுக்கு வெறிநோய்த் தடுப்பூசியை முன்கூட்டியே போட்டுவிட வேண்டும். அப்படியும் நாய் கடித்தால் 15 நிமிடம் சோப்புப் போட்டு ஓடும் நீரில் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். எலியின் சிறுநீர் கலந்த நீரிலிருந்து புண் வழியே தொற்றும் எலிக்காய்ச்சல் பயம் இருப்பதால் காலில் புண்ணோடு தண்ணீரில் இறங்கக் கூடாது.

பயிற்சியை ஆவணிக்குள் முடித்தால்தான், ஐப்பசி மழைக்கு முன் ஊராட்சிதோறும் மேட்டு நிலத்தைக் குறித்து, வைக்கோல் சேர்த்து, மாடுகளுக்கு மழைக்காலத் தொற்றுநோயான தொண்டை அடைப்பானுக்குத் தடுப்பூசியும் போட நேரம் கிடைக்கும். மாவட்ட நிர்வாகமும் கால்நடை பராமரிப்புத் துறையும் சேர்ந்து இந்த ஆண்டே தேதி குறிக்க வேண்டும்.

– கால்நடை மீட்புப் பயிற்றுநர்கள், நாகப்பட்டினம் மாவட்டம்