உடைந்த துண்டை இத்துடன் அனுப்பியிருக்கிறேன்

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: சிலிண்டர் ஹெட்டுக்குள் உடைந்துபோன உங்கள் போல்ட் எக்ஸ்ட்ராக்டர் குறித்து

ஐயா,

உடைந்து உள்ளே மாட்டிக்கொண்ட போல்ட்டில் துளை போட்டு, அதற்குள் திருகி வெளியே எடுக்கும் உங்கள் எக்ஸ்ட்ராக்டர் செட்டைப் பற்றி நான் எழுதும் மூன்றாவது கடிதம் இது. முதல் கடிதத்துக்கு, "அளவுக்கு மீறிப் பலம் கொடுத்திருப்பீர்கள்" என்று பதில் வந்தது. இரண்டாவதற்கு, உடைந்த துண்டை அனுப்பினால்தான் பரிசீலிக்க முடியும் என்றீர்கள். அந்தத் துண்டு அப்போது என் கார் எஞ்சினுக்குள் இருந்தது. அதை வெளியே எடுக்க முடியாமல்தானே உங்களுக்கு எழுதினேன்?

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். காலையில் ஸ்டார்ட் செய்தால் எஞ்சினில் டிக் டிக் என்று சத்தம் வரும், சூடானதும் நின்றுவிடும். எஞ்சின் புகையை வெளியே கொண்டுபோகும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கும் எஞ்சினின் மேல்பகுதியான சிலிண்டர் ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் கேஸ்கெட்டில் கசிவு. வீட்டிலேயே மாற்றக்கூடியதுதான் என்று இறங்கினேன். முந்தின இரவே எல்லா நட்டுகளுக்கும் துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஊறவைத்தேன். ஏழு நட்டுகள் ஒழுங்காக வந்தன. எட்டாவது, ஸ்பானரில் மெத்தென்று இழுத்தது. இந்த வேலை செய்தவர்களுக்கு அந்த மெத்தென்ற உணர்வு தெரியும்: நட்டு சுற்றவில்லை, அது மாட்டியிருக்கும் ஸ்டட்தான் (ஹெட்டில் திருகி நிற்கும் தலையில்லாத போல்ட்) முறுக்கிக்கொள்கிறது. கையை எடுப்பதற்குள் ஹெட்டின் மட்டத்தோடு உடைந்துவிட்டது. அது என் தப்பு. அதற்காக உங்களைக் குறை சொல்லவில்லை.

அப்புறம்தான் உங்கள் செட்டை வாங்கினேன். பெட்டியின் மூடியில் இருக்கும் அட்டவணை, 8 மி.மீ. ஸ்டட்டுக்கு 6.5 மி.மீ. துளை போடச் சொல்கிறது. 1.25 மி.மீ. மரை இடைவெளி உள்ள 8 மி.மீ. ஸ்டட்டின் அடிவிட்டமே (மரையின் பள்ளத்தில் அளக்கும் விட்டம்) ஏறக்குறைய 6.5 மி.மீ.தான். அந்த அளவுக்குத் துளைத்தால் ஸ்டட்டில் மரை மட்டும்தான் மிஞ்சும். டிரில் கொஞ்சம் நடு தப்பினால் ஹெட்டின் அலுமினியமும் போச்சு. நல்லவேளையாக வெர்னியரை எடுத்து அளந்து பார்த்தேன். அளக்காமல் மூடியை நம்பியவர்கள் எத்தனை பேரோ!

சென்டர் பஞ்ச் வைத்து, 4 மி.மீ. துளை போட்டு, அதற்குப் பொருந்தும் எக்ஸ்ட்ராக்டரை இரண்டு பக்கமும் கைப்பிடி உள்ள டேப் ரெஞ்சில் மாட்டி, இரண்டு கையாலும் சமமாகத் திருப்பினேன். கால் சுற்றுகூட ஆகவில்லை, டக்கென்று உடைந்தது. நீளக் குழாய் எதுவும் மாட்டவில்லை, சுத்தியலால் அடிக்கவும் இல்லை.

உடைந்ததைவிட எனக்குக் கோபம் மூடியில் அச்சடித்திருக்கும் வாசகத்தின் மேல்தான்: "எந்தத் துருப்பிடித்த போல்ட்டும் நொடியில் வெளியே." எக்ஸ்ட்ராக்டர் கூம்பு வடிவம். உள்ளே இறங்க இறங்க ஸ்டட்டை வெளிப்பக்கமாக விரிக்கும். துருவால் ஏற்கனவே இறுகிக் கிடக்கும் மரையை அது இன்னும் இறுக்கத்தான் செய்யும். அதிகமாக முறுக்கித் தலை போன போல்ட், துரு இல்லாவிட்டால், இதில் அழகாக வரும். வருடக்கணக்கில் சூடும் குளிருமாக வெந்து கிடந்த எக்ஸாஸ்ட் ஸ்டட் வராது. வராதபோது கடினப்படுத்திய எஃகு வளையாது, உடையும். உடைந்த பிறகு சாதாரண டிரில் பிட் அதன்மேல் ஏறவே ஏறாது. முன்பு துளைக்கக்கூடிய ஒரு ஸ்டட் இருந்தது. உங்கள் கருவி வந்தபின் அதுவும் இல்லை.

கடைசியில் ஒரு வெல்டரை வரவழைத்தேன். பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, உடைந்த இடத்தின் மேல் ஒரு நட்டை வைத்து, அதன் துளை வழியாகவே பற்றவைத்தார். முதல் நட்டு பிய்ந்து வந்தது. இரண்டாவதைப் பற்றவைத்து, சிவப்பு அடங்கும்வரை பொறுத்து, ஸ்பானரை முன்னும் பின்னும் கொஞ்சம் கொஞ்சமாக அசைத்தார். கிரீச்சென்று ஒரு சத்தம். வந்துவிட்டது. சூட்டில் ஸ்டட் விரிந்து சுருங்கியதில் துருவின் பிடி விட்டிருக்கிறது. ஹெட்டின் மரைக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஆக, நீங்கள் கேட்ட துண்டு இப்போது என்னிடம் இருக்கிறது. நட்டு, ஸ்டட், உங்கள் எக்ஸ்ட்ராக்டர் மூன்றும் ஒரே கட்டியாக. கையில் மிஞ்சிய பாதியையும் சேர்த்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன். மூடியின் படமும் வெல்டரின் ரசீதும் உள்ளே இருக்கின்றன.

செட்டின் விலையும் வெல்டர் கூலியும் எனக்குத் திரும்ப வேண்டும். அட்டவணையைத் திருத்துங்கள். ஏற்கனவே விற்ற பெட்டிகளை வாங்கியவர்களுக்கும் தெரிவியுங்கள், எனக்குப் பணம் வருவதைவிட அது அவசரம். "நொடியில் வெளியே" என்ற வாசகத்தை எடுத்துவிட்டு, துருப்பிடித்து இறுகிய ஸ்டட்டில் இதைப் பயன்படுத்த வேண்டாம் என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.

மறுபடியும் "அளவுக்கு மீறிய பலம்" என்றுதான் எழுதப்போகிறீர்கள் என்றால், அந்த அளவு எத்தனை நியூட்டன் மீட்டர் என்பதையும் எழுதுங்கள். பெட்டியில் எங்கேயும் அது இல்லை.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்