நோட்டீஸ் அடிக்கக் கொடுப்பதற்கு முன்: அமைதிக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். விநாயகர் சதுர்த்தி, சந்தனக்கூடு, கோயில் கொடை என்று திருவிழாக்கள் நெருங்கினால் வட்டாட்சியர் அலுவலகத்தில் கூட்டம் கூடுகிறது. "நல்லிணக்க நோட்டீஸ் வெளியிடுவது" என்று தீர்மானம் எழுதி அச்சகத்துக்கு அனுப்புகிறீர்கள். அந்தத் தாளில் என்ன இருக்க வேண்டும் என்பதைத்தான் யாரும் பேசுவதில்லை. அச்சடிப்பவர்கள், போர்டு கட்டுபவர்கள், ஆட்டோவில் அறிவிப்புச் செய்பவர்கள் ஆகிய நாங்கள் சேர்ந்து எழுதுகிறோம்.

தகராறு வாசகத்தில் தொடங்குவதில்லை, பெயர்களில்தான். தலைமை யார், முன்னிலை யார், யார் படம் பெரிது, நன்றியுரையில் தள்ளப்பட்டவர் யார்? ஒற்றுமை நோட்டீஸே புதுப் பகைக்கு வழி திறந்துவிடும். ஒரு போக்குவரத்துக் கழகத்துக்குக் கட்டபொம்மனின் தளபதி வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்ததில் தென் மாவட்டங்களில் சாதி வன்முறை வெடித்து, 1997-இல் மாவட்டங்களிலிருந்தும் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் தலைவர்கள் பெயர்களையே அரசு எடுத்துவிட்ட மாநிலம் இது. அதனால் படமே வேண்டாம். தலைமை, முன்னிலை வேண்டாம். பெயர்கள் அகர வரிசையில், ஒரே அளவு எழுத்தில் இருக்கட்டும். முன்னெழுத்தைக் கணக்கில் எடுக்காதீர்கள். அதிலும் சண்டை வரும். பெயரே போடாமல் "அமைதிக் குழு" என்று மட்டும் முடித்துவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். அப்படிச் செய்தால் "இதை யார் ஒத்துக்கிட்டது?" என்று தெருவில் கேட்பவருக்குப் பதில் இருக்காது.

வாசகத்துக்கு வருவோம். "ஒற்றுமையே பலம்", பறக்கும் புறா, கோயில்-மசூதி-தேவாலயம் மூன்றும் ஒட்டிய படம் - இதெல்லாம் கணினியில் தயாராகவே இருக்கிறது, ஐந்து நிமிட வேலை. யாரும் படிக்க மாட்டார்கள். ஊர்வலம் எந்தத் தெரு வழியாக, எத்தனை மணிக்கு, மேளம் எங்கே நிற்கும் என்பதுதான் வீட்டில் இருப்பவருக்குத் தெரிய வேண்டும். இப்படி எழுதிப் பாருங்கள்: "ஊர்வலம் மாலை 3 மணிக்குப் புறப்பட்டு, கீழ ரத வீதி வழியாக 6 மணிக்குள் குளத்தை அடையும். தொழுகை நேரத்தில் பள்ளிவாசல் தெருவில் மேளமும் வெடியும் இல்லை. விழாக் குழுவும் ஜமாத்தும் சேர்ந்து எடுத்த முடிவு இது." கடைசி வரியை விட்டுவிட்டால் ஒரு தரப்பு பணிந்துபோனது போலத் தெரியும். அடுத்த வருடம் அதையே பிடித்துக்கொண்டு வருவார்கள்.

"ஊர்ப் பொதுமக்களும் காலனி மக்களும்" என்று இன்னமும் எழுதிக் கொடுக்கிறீர்கள். "காலனி" என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தாயிற்று. "பேரூராட்சி மக்கள் அனைவரும்" என்றாலே போதும். இடத்தைக் குறிப்பிட்டே ஆகவேண்டும் என்றால் வார்டு எண் இருக்கிறது.

டெம்மி என்ற அளவுள்ள அச்சுத் தாளில் எட்டில் ஒரு பங்குதான் பிட் நோட்டீஸ். தலைப்பும் பெயர்களும் போக, 60, 70 சொல்லுக்கு மேல் திணித்தால் எழுத்து பொடியாகி, பெரியவர்கள் கண்ணாடி தேடுவார்கள். வெள்ளைத் தாள், கறுப்பு மை போதும். காவியும் பச்சையும் கூடாது என்பது உங்களுக்கே தெரியும். இந்த வட்டாரத்தில் எந்த இரண்டு நிறத்தைச் சேர்த்தாலும் ஏதாவதொரு சாதியினர் கையில் கட்டும் கயிற்றின் நிறமாகிவிடுகிறது.

வாட்ஸ்அப்பில் வரும் யூனிகோடு எழுத்தைப் பழைய வடிவமைப்பு மென்பொருளில் ஒட்டும்போது கொம்பு இடம் மாறும். "கொடை"யில் ககரத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய கொம்பு பின்னால் போய் உட்காரும். சாதாரண விளம்பரத்தில் இது சிரிப்புக்கு இடம். சாமி பெயரிலோ தர்கா பெயரிலோ நடந்தால் "வேண்டுமென்றே செய்தார்கள்" என்பார்கள். மெய்ப்பை (அச்சடிக்கும் முன் சரிபார்க்கத் தரும் புரூஃபை) போன் திரையில் பார்த்து "ஓகே" போடாதீர்கள். தாளில் எடுத்து, தரப்புக்கு ஒருவராக உட்கார்ந்து, ஒருவர் உரக்க வாசிக்க மற்றவர்கள் விரல் வைத்துச் சரிபார்த்து, எல்லோரும் அதிலேயே கையெழுத்துப் போடுங்கள். அந்தத் தாள் குழுவின் கோப்பில் இருக்கட்டும்.

ஆட்டோ அறிவிப்புக்கு நோட்டீஸை அப்படியே வாசிக்கக் கொடுக்காதீர்கள். மணிக்கு 10 கிலோமீட்டரில் போகும் வண்டி 40 மீட்டரை 15 வினாடிக்குள் கடந்துவிடும். ஒரு வீட்டுக்குத் தெளிவாகக் கேட்பது அவ்வளவுதான். இரண்டு வாக்கியம், நேரமும் தெருவும் மட்டும். போலீஸ் அனுமதிக் கடிதத்தின் நகல் ஓட்டுநரிடம் இருக்க வேண்டும். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்குத் தடை. வதந்தி கிளம்புவது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் என்பதால், குழுவில் யாரை அழைத்துக் கேட்கலாம் என்ற எண்ணை நோட்டீஸிலேயே அச்சிடுங்கள். எடுத்துப் பேசுகிறவர் எண்ணாக இருக்கட்டும்.

ஃபிளக்ஸ் போர்டு கட்டாயம் வேண்டுமென்றால் உள்ளாட்சி அனுமதி வாங்கிய பிறகே ஆர்டர் கொடுங்கள். 2019-இல் பள்ளிக்கரணையில் பேனர் சரிந்து ஒரு இளம்பெண் உயிர் போனது. சாலை நடுவிலும் வளைவிலும் கட்டச் சொல்லாதீர்கள். யார், எந்தத் தேதியில் அவிழ்ப்பது என்பதையும் தீர்மானத்திலேயே எழுதுங்கள். விழா முடிந்தும் தொங்கும் போர்டு காற்றில் கிழியும். எந்தப் பெயரின் மேல் கிழிந்தது என்று பார்த்து, "கிழித்தது யார்" என்று காவல் நிலையத்தில் புகார் வரும். விழா முடிந்த மறுநாள் காலையில் கட்டினவர்களே வந்து அவிழ்க்க வேண்டும் என்றால், அந்தக் கூலியையும் முதலிலேயே பேசிவிடுங்கள்.

இப்படிக்கு,
அச்சு, ஃபிளக்ஸ், ஆட்டோ அறிவிப்புத் தொழிலாளர்கள்