கோத்து முடுக்கிக் கொடுத்தவருக்குப் பொறுப்பில்லையா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மதுரையில் எட்டுக் குடித்தனங்கள் உள்ள ஒரு வளவில் நாங்கள் குடியிருக்கிறோம். நடையில் ஒரு சைக்கிளை நிறுத்தினால் தண்ணீர்க் குடம் தூக்கி வருபவர்களுக்கு வழி இருக்காது. ஆகவே கோரிப்பாளையம் பக்கம் ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றில் வேலை பார்க்கும் என் மகளுக்காக, மடக்கி மாடிக்குத் தூக்கிச் செல்லக்கூடிய சைக்கிள் ஒன்றைத் தை மாதத்தில் நகரின் ஒரு கடையில் 14,500 ரூபாய் கொடுத்து வாங்கினேன். ஆவணியில் ஒரு நாள் காலை, வைகையின் மேலுள்ள ஏ.வி. பாலத்தில் அவள் போய்க்கொண்டிருந்தபோது, சைக்கிளின் நடுத்தண்டு மடிப்புக் கீலை ஒட்டி இரண்டாக முறிந்தது. பின்னால் வந்த ஷேர் ஆட்டோ ஓட்டுநர் சமயத்தில் பிரேக் பிடித்ததால், இடது மணிக்கட்டில் எலும்பு முறிவோடு அவள் தப்பினாள். அந்த ஓட்டுநர் யாரென்று எங்களுக்குத் தெரியாது. அவருக்கு என் நன்றியை இந்தக் கடிதத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

உடைந்த சைக்கிளின் படங்களோடு கடைக்குப் போனபோது உரிமையாளர் மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் அவர் சொன்ன காரணங்கள் ஒவ்வொரு முறையும் மாறின. முதலில், பள்ளத்தில் வேகமாக இறக்கியிருப்பீர்கள் என்றார். அடுத்த முறை, தாங்கும் எடைக்கு மேல் ஏற்றியிருப்பீர்கள் என்றார். சைக்கிளில் ஒட்டியிருக்கும் சீட்டில் 100 கிலோ வரை என்று போட்டிருக்கிறது. என் மகளின் எடை 52 கிலோ. மூன்றாம் முறை வாரண்டி அட்டையை எடுத்துக் காட்டி, ஃபிரேமுக்குத்தான் இரண்டு ஆண்டு, மடிப்புக் கீல் உதிரிபாகக் கணக்கில் வரும், அதற்கு ஆறு மாதம்தான் என்றார். மடக்கு சைக்கிளின் ஃபிரேம் என்பதே கீலால் இணைந்த இரண்டு துண்டுகள்தான். அந்தக் கீலை ஃபிரேமில் சேராது என்று ஒதுக்கிவிட்டால், எந்தப் பொருளுக்கு இரண்டு ஆண்டு உறுதி கொடுத்தார்கள் என்பதை அவரால் எனக்கு விளக்க முடியவில்லை. போதாததற்கு, முறிந்தது கீலும் அல்ல, கீலைத் தண்டோடு சேர்த்திருக்கும் வெல்டிங்.

நான் பஞ்சாலையில் முப்பது ஆண்டுகள் ஃபிட்டராக வேலை பார்த்தவன். உடைந்த தண்டுகளையும் அச்சுகளையும் நிறையவே பார்த்திருக்கிறேன். ஒரே அடியில் முறிந்த உலோகத்தின் முறிவு முகம் முழுவதும் புதிதாக, பளிச்சென்று இருக்கும். நாள்பட விரிசல் விட்டு முறிந்ததில், முதலில் கீறிய பகுதி தூசியும் எண்ணெயும் ஏறி மங்கிப்போய், கடைசியில் பிய்ந்த பகுதி மட்டும் பளபளக்கும். எங்கள் சைக்கிளில் தண்டின் அடிப்பக்கத்திலிருந்து முக்கால் பங்கு வரை மங்கியிருக்கிறது. மேலே உள்ள கால் பங்குதான் புதியது. பள்ளத்தில் இறக்கியதால் உடைந்தது என்றால் முன் ரிம் நெளிந்திருக்க வேண்டும், ஃபோர்க் பின்னுக்கு வளைந்திருக்க வேண்டும். இரண்டும் நேராக இருக்கின்றன.

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொன்று. மூன்றாம் மாத இலவச சர்வீசுக்குக் கொண்டுபோனபோது, மிதிக்கும்போதெல்லாம் மடிப்பில் சத்தம் வருகிறது என்று என் மகள் சொல்லியிருக்கிறாள். கடையின் மெக்கானிக் எண்ணெய் விட்டு, பூட்டு நெம்புகோலின் நட்டை ஸ்பேனரால் இறுக்கி அனுப்பிவிட்டார். ‘மடிப்பில் சத்தம், சரிசெய்யப்பட்டது’ என்று சர்வீஸ் அட்டையில் அவர் கையெழுத்திலேயே இருக்கிறது. கீல் தளர்ந்திருந்தால் ஒவ்வொரு மிதிக்கும் இரு தட்டுகளும் ஆடி வெல்டிங்கை அசைக்கும். அளவுக்கு மேல் முடுக்கினாலும் அந்த இடத்திலேயே இழுவிசை ஏறும். சத்தம் எங்கிருந்து வருகிறது என்று அன்றைக்குத் துணியால் துடைத்துப் பார்த்திருந்தால் என் மகள் பாலத்தில் விழுந்திருக்க மாட்டாள் என்றே நான் நம்புகிறேன்.

கடைசியாக உரிமையாளர் சொன்னது: “ஐயா, நாங்கள் விற்பவர்கள்தான். செய்தது கம்பெனி. அங்கே கேளுங்கள்.” எந்த ஊர்க் கம்பெனி என்று கேட்டால், அட்டையில் பிராண்டின் பெயரும் யாரும் எடுக்காத ஒரு தொலைபேசி எண்ணும் மட்டுமே உள்ளன. பெட்டியில் அடைத்து விற்கும் பொருளின் மேல் தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும் என்பது 2011ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு விதிகளில் உள்ளது. ஆனால் சைக்கிள் வாங்குபவர் அந்தப் பெட்டியைப் பார்ப்பதே இல்லை. அரைகுறையாகக் கோத்த நிலையில் பெட்டியில் வரும் சைக்கிளைக் கடைக்காரர்தான் பிரித்து, முழுதாகக் கோத்து, முடுக்கி நம் கையில் கொடுக்கிறார். பெட்டி பழைய பேப்பர் கடைக்குப் போய்விடுகிறது.

2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இதைப் பற்றித் தெளிவாகவே பேசுகிறது. அதன் 86ஆவது பிரிவின்படி, பொருளைக் கோப்பதிலும் பரிசோதிப்பதிலும் பராமரிப்பதிலும் உரிய கவனம் எடுக்காமல், அதனால் கேடு விளைந்திருந்தால், தயாரிக்காமல் விற்றவரும் பொறுப்பாளியே. தயாரிப்பாளர் யாரென்றே தெரியாதபோதும், தெரிந்தும் அவருக்கு அறிவிப்பு சேர்ப்பிக்க முடியாதபோதும் பொறுப்பு விற்றவர் மேல் வருகிறது. அப்படியிருக்க, ‘கம்பெனியைக் கேளுங்கள்’ என்பதோடு கடையின் கடமை எப்படி முடியும்?

இரண்டு வாரம் கழித்துக் கடையிலிருந்து ஒரு சமரசம் வந்தது. புதிய சைக்கிளில் 3,000 ரூபாய் குறைத்துக் கொடுப்பார்களாம். அதற்கு உடைந்த சைக்கிளை ஒப்படைத்து, தவறான பயன்பாட்டால் உடைந்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டுமாம். தவறாகப் பயன்படுத்திய பொருளுக்கு விற்றவர் பொறுப்பில்லை என்பதும் அதே சட்டத்தில் இருப்பதால், அந்த ஒரு வரிக்காகத்தான் அந்த 3,000 ரூபாய் என்று எனக்குப் புரிந்தது. நான் மறுத்துவிட்டேன்.

கடைக்கு எழுத்துமூலம் அறிவிப்பு அனுப்பி, அது கிடைத்ததற்கான ஒப்புகையும் வந்துவிட்டது. பதினைந்து நாளில் பதில் இல்லையென்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனுக் கொடுக்கப்போகிறேன். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும், வழக்கறிஞர் கட்டாயமில்லை. பழுதைச் சோதித்தால்தான் தெரியும் என்றால் பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பும் அதிகாரமும் ஆணையத்துக்கு உண்டு. அதனால் உடைந்த இரண்டு துண்டுகளையும் எண்ணெய் படாமல், துடைக்காமல், சாக்கில் சுற்றிக் கட்டிலுக்கடியில் வைத்திருக்கிறேன்.

மடக்கு சைக்கிள் வைத்திருக்கும் வாசகர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். மடிப்புக் கீலின் அடிப்பக்கத்தை இன்றே துடைத்து, வெளிச்சத்தில் பாருங்கள். வெல்டிங்கை ஒட்டிப் பெயிண்டில் மயிரிழை போலக் கோடு தெரிந்தால் அதில் ஏறாதீர்கள். படம் எடுத்துக்கொண்டு, கடையின் சர்வீஸ் அட்டையில் தேதியோடு எழுதி வாங்குங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பஞ்சாலைத் தொழிலாளி,
மதுரை.
(பெயரும் முகவரியும் தங்கள் பார்வைக்குத் தனியே இணைத்துள்ளேன்.)