தோற்றவர் பக்கத்துக் காதல் கதைகள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறையில் படிக்கச் சொல்லிச் சென்ற இதழில் நீங்கள் வெளியிட்டிருந்த சரித்திர நாவல் பட்டியலைப் பார்த்தேன். பொன்னியின் செல்வன், சிவகாமியின் சபதம், யவன ராணி, கடல் புறா. நான்குமே நல்ல நாவல்கள், மறுபேச்சு இல்லை. 2022-இல் படம் வந்த பிறகு எங்கள் தருமபுரிப் பக்கத்திலும் பொன்னியின் செல்வன் ஐந்து பாகங்களையும் ஒரே கட்டாக வாங்கிப் போகிற கல்லூரிப் பிள்ளைகளைப் பார்க்கிறேன். மனதுக்கு நிறைவாக இருக்கிறது. ஆனால் அதை முடித்துவிட்டு "அப்புறம் என்ன படிக்கலாம்?" என்று கேட்டால், திரும்பவும் இதே பெயர்களைத்தான் எல்லோரும் சொல்கிறோம். அந்தக் குறைக்காகத்தான் இந்தக் கடிதம்.

பழைய புத்தகங்களுக்கு பைண்டிங் போடுவது என் தொழில். வாரப் பத்திரிகையிலிருந்து வாரா வாரம் கிழித்துச் சேர்த்த தொடர்கதைகளைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். தைப்பதற்கு முன் பக்கங்களை வரிசை பார்த்தாக வேண்டும். பார்க்கிற சாக்கில் படித்தும்விடுவேன். நா. பார்த்தசாரதியின் 'பாண்டிமாதேவி' அப்படித்தான் என் கைக்கு வந்தது. ஓரமெல்லாம் செல்லரித்திருந்தது. பசையில் மயில்துத்தம் கலந்து, காலிகோ துணி ஒட்டி, கனமான அட்டை போட்டுக் கொடுத்தேன். கொடுக்க மனசே வரவில்லை.

நா.பா. என்றதும் 'குறிஞ்சி மலர்' நினைவுக்கு வருகிற அளவுக்கு இந்த நாவல் யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை. கதை பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடக்கிறது. பராந்தக சோழனிடம் மதுரையை இழந்த பாண்டிய நாடு, குமரி முனையை ஒட்டிய நாஞ்சில் நாட்டளவுக்குச் சுருங்கிக் கிடக்கிறது. கணவனை இழந்த அரசி வானவன்மாதேவி அங்கே கவலையோடு காத்திருக்கிறாள். மகன் இராசசிம்மனோ குலத்தின் மணிமுடியை எடுத்துக்கொண்டு கப்பலேறி ஈழத்துக்குப் போகிறான். வழியில் செம்பவழத் தீவில் இறங்குகிறான். அங்கே மதிவதனி என்ற பெண்ணிடம் ஒரு வலம்புரிச் சங்கு வாங்குகிறான். நாட்டை இழந்தவன், நாளை என்ன ஆவோம் என்று தெரியாதவன், ஒரு சங்குக்கு விலை பேசிக்கொண்டு நிற்கிறான். ஊரிலே அவனை நினைத்து உருகும் குழல்வாய்மொழி வேறு இருக்கிறாள். எந்தக் காதலையும் வாழவைக்கிற இடத்தில் அவன் இல்லை என்பது படிக்கிற நமக்குத் தெரிந்தே இருக்கிறது. அதனால்தான் அந்தத் தீவுக் காட்சிகள் இவ்வளவு வலிக்கின்றன. வெற்றி நிச்சயம் என்று தெரிந்த வீரன் குதிரையில் வந்து காதல் செய்கிற கதைகளில் இந்த வலி கிடைக்காது. ஆசிரியர் ஆங்காங்கே கதையை நிறுத்திவிட்டு வாழ்க்கைத் தத்துவம் பேசுவார்; அது கொஞ்சம் நீளம்தான். பொறுத்துக்கொண்டு படிக்கலாம்.

சரி, அந்த மணிமுடி என்ன ஆயிற்று? சரித்திரத்தில் அது ஏறக்குறைய நூறு ஆண்டுகள் ஈழத்திலேயே இருந்தது. பாண்டியர் அங்கே வைத்த சுந்தர முடியையும் இந்திரன் ஆரத்தையும் கொண்டுவந்ததாகச் சோழன் முதலாம் இராசேந்திரனின் மெய்க்கீர்த்தி, அதாவது கல்வெட்டில் வரும் புகழ்ப்பாட்டு, சொல்கிறது. அந்த முடியைத் தேடிப் போகிற கதைதான் அகிலனின் 'வேங்கையின் மைந்தன்'. 1963-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற நாவல். பெயர் எல்லோருக்கும் தெரியும், ஆனால் இப்போது படிக்கிறவர்கள் குறைவு. சோழர் பக்கம் நிற்கும் கொடும்பாளூர்க் குடியின் இளவரசன் இளங்கோ முடியை மீட்கப் போகிறான். முடியைக் காத்து வைத்திருக்கும் ஈழ மன்னனின் மகள் ரோகிணியோ அவனையே விரும்பிவிடுகிறாள். தந்தையா, அவனா என்று அவள் படும் பாடுதான் எனக்கு அந்த நாவலின் உயிர்.

இந்த இரண்டையும் அடுத்தடுத்துப் படித்துப் பாருங்கள். முதல் நாவலில் பாண்டியனுக்குப் பகையாக நிற்கிற கொடும்பாளூர்க் குடியின் பிள்ளைதான் இரண்டாவதில் நாயகன். ஒன்றில் நாம் யாருக்காக ஏங்கினோமோ, அவனுடைய முடியை மற்றொன்றில் சோழன் கொண்டுபோக வேண்டும் என்று ஆசைப்படுகிறோம். இரண்டு ஆசிரியர்கள், இரண்டு நாவல்கள், ஆனாலும் இரண்டு பக்கமும் பார்த்த ஒரே கதை போல் இருக்கிறது. இப்படிச் சேர்த்துப் படிக்கச் சொல்லி எந்தப் பட்டியலிலும் நான் கண்டதில்லை.

தோற்றவர் பக்கம் என்றால் தகடூர்க்காரர்களான எங்களுக்குத் தனி உருக்கம் உண்டு; தருமபுரியின் பழைய பெயர்தான் தகடூர். எங்கள் அதியமான் கோட்டையைச் சேர மன்னன் பெருஞ்சேரல் இரும்பொறை வென்றான். அவனைப் பதிற்றுப்பத்தில் வாழ்த்திப் பாடியவர் அரிசில் கிழார். அதே அரிசில் கிழார்தான் தகடூர்ப் போரில் வீழ்ந்த எழினிக்காகப் புறநானூற்றில் அழுகிறார்; வறுமையால் விதைநெல்லைத் தின்றுவிட்ட உழவனைப் போல் செய்துவிட்டாயே என்று கூற்றுவனையே கடிந்துகொள்கிறார். வென்றவனை வாழ்த்திய வாயாலேயே வீழ்ந்தவனுக்கும் அழ முடிந்த மரபு நம்முடையது. அந்தப் போரைப் பாடிய 'தகடூர் யாத்திரை' சில பாடல்கள் தவிர அழிந்தே போயிற்று. இருக்கிற நூல்களையாவது கைவிடக் கூடாது என்று நான் மல்லுக்கட்டுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும்: அரு. ராமநாதனின் 'வீரபாண்டியன் மனைவி'. அவர் நடத்திய 'காதல்' இதழில் தொடராக வந்து, மூன்று பாகங்களாக நூலான கதை. 'ராஜராஜ சோழன்' நாடகத்தை எழுதியவரும் இவர்தான். மூன்றாம் குலோத்துங்கன் வீரபாண்டியனை வென்று, அவன் தேவியைத் தன் வேளத்தில் ஏற்றியதை, அதாவது சிறைப்பட்ட பெண்களை வைக்கும் இடத்தில் சேர்த்ததை, சோழன் கல்வெட்டு வெற்றிகளில் ஒன்றாக எண்ணிச் சொல்கிறது. அவள் பெயரைக்கூடச் சொல்லவில்லை. அப்படிப்பட்ட ஒருத்தியைத் தலைப்பிலேயே நிறுத்துவதற்கு ஆசிரியருக்குத் துணிச்சல் வேண்டும். காதல் வசனங்கள் சில இடங்களில் மிகையாக இருக்கும். ஆனால் ஜனநாதன் என்ற பாத்திரம் பேச ஆரம்பித்தால் புத்தகத்தை மூட முடியாது. நல்லவனா கெட்டவனா என்று கடைசிவரை நம்மைத் தடுமாற வைக்கிற அப்படியொரு மூளைக்காரனைத் தமிழ்ச் சரித்திர நாவல்களில் நான் வேறு எங்கும் சந்தித்ததில்லை.

'சரித்திர நாவலில் காதல் எதற்கு, போரும் அரசியலும் போதாதா' என்று என் கடைக்கு வருகிற நண்பர்கள் சிலர் கேட்பதுண்டு. தமிழின் முதல் சரித்திர நாவலாகச் சொல்லப்படுகிற 'மோகனாங்கி'யே காதல் கதைதான். திருகோணமலை தி. த. சரவணமுத்துப்பிள்ளை 1895-இல் எழுதியது. மதுரை சொக்கநாத நாயக்கர், தஞ்சை இளவரசி மோகனாங்கி, நடுவே இரண்டு அரசுகளின் பகை.

நா.பா.வின் நூல்கள் நாட்டுடைமை ஆனவை. இணையத்தில் காசில்லாமலேயே படிக்கலாம். மற்றவை பல நூலகங்களில் அட்டை பிய்ந்து கிடக்கின்றன, கேட்க ஆளில்லாததால் அலமாரியின் மேல்தட்டுக்குப் போய்விட்டன. உங்கள் இதழில் இந்த நாவல்களுக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, மாதம் ஒன்றாக அறிமுகம் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். முதல் இரண்டு மாதங்களுக்குப் பாண்டிமாதேவியையும் வேங்கையின் மைந்தனையும் அதே வரிசையில் போடுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகர்,
தருமபுரி.