நீ யார் வீட்டுப் பிள்ளை?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். கனடாவின் நோவா ஸ்கோஷியா மாகாணத்தில், ஸ்காட்லாந்திலிருந்து வந்து குடியேறியவர்களின் வம்சத்தார் கோடைதோறும் குடும்பம் குடும்பமாக ஒன்றுகூடுவதைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பேக்பைப் என்னும் பை வைத்த ஊதுகருவியை வாசிப்பவர்களும், கில்ட் என்னும் கட்டம் போட்ட பாவாடை போன்ற உடையை அணிந்தவர்களும் படங்களில் அழகாகத்தான் இருந்தார்கள். ஆனால் அந்தக் கூடல்களின் உயிர் இருக்கும் பக்கம் கட்டுரையாளர் எட்டிக்கூடப் பார்க்கவில்லையே என்று மனம் ஆறவில்லை. ஹாலிஃபாக்ஸில் பதினெட்டு ஆண்டுகளாக வசிக்கிறேன். பக்கத்து வீட்டார் அழைத்ததால், பிக்டோ ஊருக்கு அருகே நடந்த அவர்களுடைய குடும்பக் கூடலுக்குப் போய்வந்தேன். அதனால்தான் எழுதுகிறேன்.

தேவாலயக் கூடத்தின் ஒரு சுவர் முழுக்கப் பழுப்புத் தாளை ஒட்டி, ஒன்பது தலைமுறைப் பெயர்களை எழுதியிருந்தார்கள். விடுபட்ட பெயர்களைச் சேர்ப்பதற்காக ஒரு பென்சிலை நூலில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். மேல் வரிசையில் ஓரிடத்தில் பெயரே இல்லை. 'குழந்தை, கடலில்' என்று மட்டும் இருந்தது. 1773-இல் 'ஹெக்டர்' கப்பலில் ஏறத்தாழ 190 பேர் ஸ்காட்லாந்தின் மலைநாட்டிலிருந்து புறப்பட்டார்கள். அம்மையும் வயிற்றுக்கடுப்பும் வழியிலேயே பல குழந்தைகளைக் கொண்டுபோய்விட்டன. செப்டம்பர் 15 அன்று பிக்டோவில் இறங்கியவர்களுக்கு, வாக்களித்திருந்த விளைநிலம் கிடைக்கவில்லை. கண்ணுக்கெட்டிய வரை காடுதான். ஓராண்டுக்கான உணவும் வரவில்லை. மிக்மாக் பழங்குடி மக்கள் உதவியிராவிட்டால் முதல் குளிர்காலத்தையே தாண்டியிருக்க மாட்டோம் என்று அந்தக் குடும்பத்தாரே என்னிடம் சொன்னார்கள்.

கட்டுரை வியந்து வியந்து பேசிய கில்ட்டுக்கும் ஒரு கதை உண்டு. 1746-இல் மலைநாட்டுக் கிளர்ச்சியாளர்கள் கல்லோடன் போரில் பிரிட்டிஷ் அரசுப் படையிடம் தோற்ற பிறகு, மலைநாட்டு ஆண்கள் அந்த உடையை அணியக் கூடாது என்று சட்டம் வந்தது. 1782-இல்தான் அது நீங்கியது. ஹெக்டர் கரையை விட்டுக் கிளம்பியபோது தடை நடப்பில் இருந்தது. இது தெரியாமல் பார்த்தால் கில்ட் வெறும் திருவிழா உடையாகத்தான் தெரியும்.

எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் பட்டது மொழி. சுவருக்கு முன்னால் நாற்காலி போட்டு அமர்ந்திருந்த ஒரு பாட்டி, ஓடி விளையாடிக்கொண்டிருந்த ஒரு சிறுவனைப் பிடித்து நிறுத்தி, "கோ லெஷ் ஊ?" என்று கேட்டார். ஸ்காட்லாந்து மலைநாட்டாரின் மொழியான கேலிக்கில் 'நீ யாரைச் சேர்ந்தவன்?' என்று பொருள். 'நீ யார் வீட்டுப் பிள்ளை?' என்று நம் ஊர்த் திண்ணைகளில் கேட்பார்களே, அதே கேள்வி! சிறுவன் விழித்தான். பாட்டியே அவனுடைய அப்பா, தாத்தா, தாத்தாவின் அப்பா என்று ஐந்து பெயர்களை ஒரே மூச்சில் கோத்துச் சொன்னார். ஓர் ஊரில் ஒரே பெயரில் பத்துப் பேர் இருந்தாலும் இப்படிச் சொன்னால் ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

ஒரு காலத்தில் கனடாவில் ஆங்கிலத்துக்கும் பிரெஞ்சுக்கும் அடுத்தபடியாகப் பேசப்பட்ட ஐரோப்பிய மொழி இது. 1890-இல் இதை ஆட்சிமொழியாக்க செனட்டில் கொண்டுவரப்பட்ட மசோதா தோற்றது. பள்ளியில் கேலிக் பேசிய பிள்ளைகள் அடி வாங்கினார்கள். அடி வாங்கியவர்கள் தங்கள் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லித்தரவில்லை. அன்று கூடத்தில் நூற்றுக்கு மேற்பட்டவர்கள் இருந்தார்கள். பாட்டிக்குக் கேலிக்கில் பதில் சொல்ல முடிந்தவர்கள் இரண்டு பேர்தான்.

அடுத்த கோடையில் தங்கள் கட்டுரையாளரை மீண்டும் அனுப்புங்கள். படம் எடுத்தது போதும். ஒலிப்பதிவுக் கருவியோடு அந்தச் சுவருக்கு முன்னால் ஒரு பகல் முழுவதும் உட்காரச் சொல்லுங்கள். தள்ளிப்போட வேண்டாம். அந்தப் பாட்டிக்கு வயது 91.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
ஹாலிஃபாக்ஸ், கனடா.